17 மில்லிமீட்டர்: 600 கி.மீ. பிரவே ஒன்று 421 ஆவது கிலோமீட்டரில் நின்றது ஏன்?

பிரவே எனப்படும் 600 கி.மீ. நெடுந்தூர சைக்கிள் பயணம் ஒன்றின் முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேராக டி.என்.எஃப். என்று பதிவாகியிருக்கிறது, பயணத்தை முடிக்கவில்லை என்பது அதன் பொருள். 421 ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் நின்றபடி அமைப்பாளருக்கு நான் அனுப்பிய குறுஞ்செய்தியில் ‘முழங்கால் வலி, விலகுகிறேன்’ என்று மட்டுமே எழுதியிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழங்கால் அந்த இடத்தில் காரணமாக இருக்கவில்லை, விளைவாகத்தான் இருந்தது என்பது வீடு திரும்பிய பிறகு சைக்கிளைப் பிரித்துப் பார்த்தபோதும், பயணப் பதிவுகளையும் படங்களையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோதும் தெளிவாயிற்று. பயணம் நின்றது 421 இல். பயணம் கைவிட்டுப் போனது அதற்கு 121 கிலோமீட்டர் முன்னதாக, விளக்கு வெளிச்சம், நாற்காலி, கருவிப்பை, ஏறக்குறைய ஐந்து மணி நேர அவகாசம் ஆகிய எல்லாமும் என் கையில் இருந்த ஓரிடத்தில் என்பதே இந்த ஆய்வில் நான் வந்தடைந்த முடிவு.

பிரவே என்பது பந்தயம் அன்று. பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் 1904 இல் தொடங்கப்பட்டது. 1921 முதல் அச்சங்கம் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் செல்லும் நெடுந்தூரப் பயணங்களை ஒழுங்குபடுத்தி வருகிறது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி என்று கால எல்லை உண்டு. உணவு, உறக்கம், பஞ்சர், மழை எல்லாமே அந்தக் கணக்கிற்குள்தான் அடங்க வேண்டும். வழியில் உள்ள கட்டுப்பாட்டு இடங்களை அவை மூடும் நேரத்திற்குள் அடைந்து அட்டையில் முத்திரை பெற வேண்டும். துணை வாகனம் இருந்தாலும் அந்த இடங்களில் மட்டுமே உதவி பெறலாம். இந்த நான்கு தூரங்களையும் ஒரே பருவத்தில் முடிப்பவருக்கு சூப்பர் ரேண்டன்னர் என்ற பட்டம் கிடைக்கிறது. நான்காண்டுகளுக்கு ஒரு முறை நடைபெறும் 1200 கி.மீ. பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் பயணத்திற்கும் இதே தொடர்தான் வாசல். நான் அந்தப் பருவத்தில் 200, 300, 400 ஆகிய மூன்றையும் முடித்திருந்தேன்.

மாற்றிய ஒரே பொருள்

பயணத்திற்குப் பத்து நாட்களுக்கு முன் சைக்கிளில் ஒரே ஒரு பாகத்தை மாற்றினேன். என்னுடையது எஃகுச் சட்டகம். ஆண்டுக்கணக்கில் அதில் இருக்கையைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் அலுமினியத்தில்தான் இருந்தது. 400 கி.மீ. பயணத்தின் கடைசிப் பகுதியில் சாலை அதிர்வு இடுப்பில் ஏறியது நினைவில் இருந்ததால், அதிர்வைச் சற்றே உள்வாங்கும் என்ற நம்பிக்கையில் 27.2 மி.மீ. விட்டமுள்ள கார்பன் சீட் போஸ்ட் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பொருத்தும்போது, பழைய போஸ்ட்டுக்குச் செய்து பழகிய கையால், சட்டகக் குழாயின் உள்ளே மெல்லியதாக கிரீஸ் தடவினேன்.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. அலுமினிய போஸ்ட்டை எஃகுக் குழாயில் கிரீஸ் இல்லாமல் செருகி ஆண்டுக்கணக்கில் விட்டால், வேர்வையும் மழைநீரும் இறங்கி இரண்டு உலோகங்களும் ஒன்றோடொன்று இறுகிப்போய், பிறகு இழுத்தாலும் தட்டினாலும் வராது. ஆகவே அங்கே கிரீஸ் அவசியம். கார்பன் போஸ்ட்டின் கதை நேர் எதிரானது. அதன் பரப்பு வழவழப்பானது. அதிகமாக இறுக்கினால் இழைகள் நசுங்கும் என்பதால், போஸ்ட்டைச் சட்டகத்தோடு இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப்பில் குறைந்த விசையே அனுமதிக்கப்படுகிறது. அந்தக் குறைந்த விசையிலும் நழுவாமல் நிற்க, நுண்ணிய மணல் போன்ற துகள்கள் கலந்த ஒரு பசை விற்கப்படுகிறது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றிருக்கும். உராய்வைக் கூட்ட வேண்டிய இடத்தில், உராய்வைக் குறைக்கும் பொருளை நான் தடவி வைத்தேன். பல ஆண்டுகள் பழகிய கை, சரியென்று அறிந்த ஒன்றைச் செய்யும்போது யோசிப்பதில்லை.

இரண்டாவது தவறு முதலாவதன் மேல் ஏறி உட்கார்ந்தது. கிளாம்ப்பின் மேல், இறுக்க வேண்டிய விசை 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருந்தது. அந்த விசையை அளந்து இறுக்க உதவும் டார்க் ரென்ச் என்னிடம் இல்லை. கார்பன் நசுங்கிவிடும் என்ற அச்சத்தில், சிறிய எல் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து, போதும் என்று தோன்றிய அளவுக்குத் திருகினேன். பின்னர் இரவல் வாங்கிய டார்க் ரென்ச்சை வைத்துச் சோதித்துப் பார்த்தேன்: அன்று திருகியது போலவே ஐந்து முறை கையால் இறுக்கி, ஒவ்வொரு முறையும் அளந்தபோது ஐந்துமே 3 முதல் 4 நியூட்டன் மீட்டருக்குள்தான் வந்தன. அன்றைய உண்மையான அளவை இது நிறுவாது. என் கை எந்தப் பக்கம் பிழை செய்யும் என்பதைக் காட்டுகிறது, அவ்வளவே.

இருக்கையின் உயரத்தை அடையாளம் காண, போஸ்ட் கிளாம்ப்புக்குள் நுழையும் விளிம்பிலேயே மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டினேன். இந்த நிகழ்வில் நான் செய்த நல்ல காரியம் இது ஒன்றுதான்.

பிறகு 40 கி.மீ. சோதனைப் பயணம் சென்றேன். டேப் அசையவில்லை. ஆனால் அந்த 40 கி.மீ. வழவழப்பான தார்ச்சாலை, சீட் பையும் மாட்டவில்லை. பயணத்தன்று அதே போஸ்ட்டில் மாற்றுடை, இரண்டு டியூப், விளக்குக்கான பேட்டரி, மழைச்சட்டை, உணவு என்று 3.4 கிலோ எடையுள்ள பை தொங்கியது. ஒவ்வொரு குழியிலும் அது மேலே எழும்பிக் கீழே விழும்போது போஸ்ட்டை இறக்கும் சிறு சுத்தியலாக வேலை செய்தது. ஓட்டப்போகாத ஒரு சைக்கிளைச் சோதித்துவிட்டு, சோதிக்காத ஒரு சைக்கிளை ஓட்டச் சென்றேன் என்று இதைச் சொல்லலாம்.

பயணத்தின் போக்கு

காலை 5:00 மணிக்குப் புறப்பட்டோம். 300 கி.மீ. சென்று அதே வழியில் திரும்பி வரும் பாதை. 78, 154, 227, 300, 373, 446, 522 ஆகிய கிலோமீட்டர்களில் கட்டுப்பாட்டு இடங்கள் இருந்தன. முதல் இடத்தை 8:20க்கு அடைந்தேன், அதாவது மணிக்கு 23 கி.மீ.க்குச் சற்று மேல். அடுத்த 76 கி.மீ.யில் பெரும்பகுதி ஜல்லி பெயர்ந்த சாலை. கைகளைத் தளர்த்தி, உடலைச் சற்றே தூக்கி, பின்சக்கரம் குழியில் இறங்கும் ஒவ்வொரு முறையும் பையின் எடை ‘தப்’பென்று விழுவதைக் கேட்டுக்கொண்டே சென்றேன். அந்த ஓசையைப் பையின் வார் தளர்ந்த ஓசையாகவே எண்ணினேன். 154 ஆவது கிலோமீட்டரில் வாரை இறுக்கினேன்; கிளாம்ப்பை நோக்கவில்லை.

130 ஆவது கிலோமீட்டரிலிருந்தே என்னையறியாமல் இருக்கையில் அடிக்கடி பின்னால் நகர்ந்து உட்காரத் தொடங்கியிருந்தேன். இருக்கைப் புண் வரப்போகிறது என்று அதற்குப் பொருள் கொண்டு களிம்பு பூசிக்கொண்டேன். உண்மையில் உடல் தனக்குத் தேவையான கால்நீட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தது: இருக்கை தாழ்ந்தால், பின்னால் நகர்வதன் மூலம் பெடலுக்கும் இடுப்புக்கும் இடையிலான தூரத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொள்ளலாம். உடல் கணக்கைச் சரியாகப் போட்டது. விடையைத்தான் நான் தவறாகப் படித்தேன்.

190 ஆவது கிலோமீட்டரை ஒட்டி வலது முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குச் சற்றுக் கீழே, மழுங்கிய வலி தொடங்கியது. ஈராண்டுகளுக்கு முன் 300 கி.மீ. பயணம் ஒன்றில் அதே இடத்தில் வலித்ததுண்டு. ஆகவே ‘பழைய வலி திரும்பிவிட்டது’ என்ற விளக்கம் கைக்கெட்டிய தூரத்தில் தயாராக இருந்தது, அதை எடுத்துக்கொண்டேன். 227 ஐப் பிற்பகல் 3:40க்கும், திரும்பும் இடமான 300 ஐ இரவு 8:10க்கும் அடைந்தேன். அந்த இடம் மூடும் நேரம் இரவு 1:00 மணி. 4 மணி 50 நிமிடம் சேமிப்பில் இருந்தது. கடைசி 73 கி.மீ.க்கு, நிறுத்தங்களைக் கழித்து, நான்கு மணி நேரம் ஆகியிருந்தது மட்டுமே உறுத்தல்.

அந்த இடத்திற்கு என்னோடு சேர்ந்து வந்த இளைஞர் ஒருவர் கடைசி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என் பின்னாலேயே வந்திருந்தார். சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்ததும் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணே, மிதிக்கும்போது முட்டி ரெண்டும் வெளிப்பக்கமா அகண்டு அகண்டு போகுதே, சீட்டு எறங்கியிருக்கா?”

“அதெல்லாம் இல்லப்பா, தூக்கக் கலக்கம்,” என்றேன்.

கேள்வி நேரடியானது, சரியானது. இருக்கை தாழ்ந்தவருடைய முழங்கால்கள் மேலெழும்போது இடம் போதாமல் வெளிப்பக்கம் விரிவது, பின்னாலிருந்து பார்ப்பவர் எளிதில் கண்டுகொள்ளும் அறிகுறி. அதை ஓட்டுபவர் தானாகப் பார்க்க முடியாது. அவர் பார்த்தார், சொன்னார். நான் எழுந்து நான்கடி நடந்து டேப்பைக் குனிந்து பார்த்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். 2 மணி 20 நிமிடம் அங்கே இருந்தேன். சாப்பிட்டேன், ஒரு மணி நேரம் படுத்தேன், செயினுக்கு எண்ணெய்கூட விட்டேன். எண்ணெய் விட்டபோது என் தலை கிளாம்ப்பிலிருந்து ஒரு முழத் தொலைவில் இருந்திருக்கும்.

புறப்படுவதற்கு முன் ஐபுபுரூஃபன் மாத்திரை ஒன்றை விழுங்கினேன். நீர்ச்சத்து குறைந்த உடலில், நீண்ட நேர உழைப்பின் நடுவே இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் என்பதை அறிந்தே செய்தேன். அதை நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் இந்த நிகழ்வில் மாத்திரை செய்த பெரிய தீங்கு வேறு. ஏதோ தவறு என்று முறையிட்டுக்கொண்டிருந்த ஒரே சாட்சியை அது இரண்டு மணி நேரம் வாய் மூட வைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கனமான கியரில் மிதித்தேன். மாத்திரையின் பிடி தளர்ந்தபோது வலி விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை, பல படி மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

373 ஐ அதிகாலை 3:05க்கு அடைந்தபோது மூடும் நேரத்திற்கு 2 மணி 47 நிமிடமே மீதி. நான் ஓய்வெடுத்ததும் மெதுவாகச் சென்றதும் சேர்ந்து சேமிப்பில் இரண்டு மணி நேரத்தைக் கரைத்திருந்தன. 409 இல் ஒரு சிறு ஏற்றம். பகலில் இறங்கி வந்தபோது ஏற்றம் என்றே கண்ணில் படாத ஒன்று. வலது காலை ஊன்றி மிதிக்க முடியவில்லை, இறங்கி உருட்டினேன். மணி 5:50.

விடியலில் தெரிந்தது

மேட்டின் உச்சியில் சைக்கிளை ஒரு கைகாட்டிக் கம்பத்தில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்கு நேராக இருந்தது சீட் கிளாம்ப். கிளாம்ப்பின் மேல் விளிம்பில், கணுக்காலில் சரிந்த காலுறை போல, மஞ்சள் டேப் சுருங்கி மடிந்து கிடந்தது. போஸ்ட் உள்ளே இறங்க இறங்கக் கிளாம்ப்பின் விளிம்பு அதை மேல்நோக்கித் தள்ளித் தள்ளி நான்கைந்து மடிப்புகளாக்கியிருந்தது. மடிப்புகளின் பள்ளத்தில் மாவு போன்ற புழுதியும், புழுதியைக் கறுப்பாக்கிய கிரீஸும் ஒட்டியிருந்தன. விரலை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரு விரல் அகலம். வீட்டில் டேப்பைப் பிரித்து, அதன் பழைய ஒட்டுத்தடத்தை வைத்து அளந்தபோது 17 மி.மீ. என்று வந்தது.

இந்த அளவு பெரிதா, சிறிதா என்ற கேள்வி எழலாம். இருக்கை உயரத்தைக் கணக்கிடப் பயன்படும் எளிய விதி ஒன்று, காலின் உள்ளளவை, அதாவது கவட்டிலிருந்து தரை வரையிலான நீளத்தை, 0.883 ஆல் பெருக்கச் சொல்கிறது. என் உள்ளளவு 830 மி.மீ.; விதிப்படி, பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து இருக்கை வரை 733 மி.மீ. வரும். அதில் 17 என்பது 2.3 விழுக்காடு. அரை மணி நேரம் கடைத்தெருவுக்குப் போய்வரும் ஒருவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பெடல் கீழே இருக்கும் நிலையில் முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நல்லது என்பது, சைக்கிளை உடலுக்கேற்ப அமைத்துத் தரும் பொருத்துநர்கள் பரவலாகக் கொள்ளும் எல்லை. இருக்கை இறங்கும்போது அந்த மடிப்பு கூடுகிறது. அதைவிட முக்கியமாக, பெடல் மேலே வரும்போதும் முழங்கால் அதிகம் மடங்குகிறது. அந்த நிலையிலிருந்து மிதிக்கும் அழுத்தத்தைத் தொடையின் முன்பக்கத் தசை கொடுக்கும்போது சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. மடிப்பு கூடக் கூட அந்த அழுத்தமும் கூடும். வலி முன்பக்கமானால் இருக்கையை ஏற்று, பின்பக்கமானால் இறக்கு என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் பழைய வாய்ப்பாடு இதிலிருந்து வந்ததுதான். அந்த வாய்ப்பாட்டை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன்.

எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 190 க்கும் 409 க்கும் இடையில் ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். நிமிடத்திற்கு 70 மிதி என்று வைத்தால் 50,000 மிதிகள். மிதிக்காமல் உருண்ட நேரத்தைத் தாராளமாகக் கழித்தாலும் 40,000 க்குக் குறையாது. தவறான கோணத்தில் 40,000 முறை மடக்கி நீட்டிய மூட்டு வீங்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

மல்டி டூலை எடுத்துக் கிளாம்ப்பைத் தளர்த்தி, போஸ்ட்டைத் தூக்கி, இம்முறை அச்சத்தை விட்டுச் சற்று அழுத்தியே இறுக்கினேன். ஏறி உட்கார்ந்ததும் கால் நீண்டது. அந்த முதல் இருநூறு மீட்டரில் ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லில் வைப்பது கடினம். ஆனால் கிரீஸ் உள்ளேயே இருந்தது. பையும் பின்னாலேயே இருந்தது. நான்கு கிலோமீட்டரில் இருக்கை மறுபடி இறங்கியது. மறுபடி தூக்கினேன், மறுபடி இறங்கியது. பையைக் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டதும் இறங்குவது குறைந்தது. அதற்குள் மூட்டு எந்த உயரத்தையும் ஏற்கும் நிலையில் இல்லை. பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் ஒற்றைக் காலால் மிதித்தும் 421 ஐ அடைந்தபோது மணி 8:05.

அடுத்த இடமான 446 மூட இன்னும் 2 மணி 39 நிமிடம் இருந்தது. 25 கி.மீ.; ஊர்ந்தே போயிருக்கலாம். மொத்தக் கணக்கோ வேறு: இரவு 9:00 மணிக்குள் 179 கி.மீ., அதாவது நிறுத்தம் உட்பட மணிக்கு 13.9 கி.மீ. நல்ல காலோடு இது எளிது. என் கால் அன்று மணிக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் கொடுத்தது. 446 இல் ஒரு முத்திரை கூடுதலாக வாங்குவதற்காக மூட்டை இன்னும் இரண்டரை மணி நேரத்திற்கு மேல் வதைப்பதில் பொருளில்லை என்று முடிவு செய்தேன். மொத்த நிகழ்விலும் தாமதமின்றி எடுத்த ஒரே முடிவு இது.

வேறு காரணம் இருக்க முடியாதா?

எந்த ஆய்விலும் கண்டுபிடித்தவருக்குத் தான் கண்டதன் மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது. அதனால் மற்ற காரணங்களையும் எடுத்துப் பார்த்தேன்.

தொடக்க வேகம் முதலாவது. முதல் 154 கி.மீ.யை எனக்கு வழக்கமானதைவிட ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓட்டியிருக்கிறேன். சேமிப்பு நேரத்தைச் சீக்கிரம் சேர்த்துவிட வேண்டும் என்ற ஆசை 600 இல் எல்லோருக்கும் வரும். அது தசைச் சோர்வைக் கூட்டியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சோர்வு இரண்டு தொடைகளிலும் பரவலாக வந்திருக்க வேண்டும், ஒரு மூட்டின் முன்பக்கத்தில் ஊசிமுனை போல வந்திருக்காது. நிமிடத்திற்கான மிதி எண்ணிக்கைப் பதிவு முதல் 154 கி.மீ.யில் 82, அடுத்து 77, பிறகு 72, இரவில் 67 என்று சீராகக் குறைகிறது. இதை இருக்கை இறங்கியதற்குச் சான்றாகக் காட்ட முதலில் ஆசைப்பட்டேன். முந்தைய 400 கி.மீ. பயணத்தின் பதிவிலும் குறைவு இருந்ததைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ஷூவைப் பெடலோடு பூட்ட அதன் அடியில் உள்ள கிளீட் இரண்டாவது. அதன் தழும்பு பழைய இடத்திலேயே இருந்தது, திருகு தளரவில்லை.

இருக்கை இறங்கியது ஏன் வலது மூட்டை மட்டும் கடுமையாகத் தாக்கியது என்பதுதான் வலுவான எதிர்க்கேள்வி. இடது மூட்டும் வலித்தது. 409 இல் இறங்கியபோது அதையும் உணர்ந்தேன், வலதின் கூச்சலில் அது கேட்கவில்லை. வலது மூட்டில் பழைய குறையும் இருந்தது. சங்கிலி எங்கே அறுகிறது என்பதை நலிந்த கண்ணி தீர்மானிக்கிறது, இழுப்பது வேறொன்று.

தீர்மானமான சான்று படங்களிலிருந்து கிடைத்தது. சக பயணிகள் கட்டுப்பாட்டு இடங்களில் எடுத்த படங்களில் என் சைக்கிள் பக்கவாட்டில் தெரிந்தவை மூன்று: புறப்படும் இடம், 154, 227. 28 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 678 மி.மீ.; அதை அளவுகோலாக வைத்துக் கிளாம்ப்புக்கு மேல் தெரியும் போஸ்ட்டின் நீளத்தைத் திரையில் அளந்தேன். மூன்று மில்லிமீட்டர் முன்பின் பிழை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், 154 இல் ஐந்தும் 227 இல் பத்தும் இறங்கியிருந்தது. 227 இல் எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் டேப்பின் மடிப்புகூடத் தெரிகிறது. வலி தொடங்கிய 190 இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறது.

இருக்கை இறங்கியது ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரேயடியாக 17 மி.மீ. இறங்கியிருந்தால் அடுத்த மிதியிலேயே தெரிந்திருக்கும். 1913 ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் என்ற பிரெஞ்சு வீரர் டூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. சைக்கிளைச் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, அடிவாரக் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே ஃபோர்க்கை அடித்துச் சேர்த்தார், துருத்தி ஊத ஒரு சிறுவனை விட்டதற்காகத் தண்டனையும் பெற்றார். அவருக்கு நேர்ந்தது பேரிடி, ஆனால் எங்கே என்ன முறிந்தது என்ற ஐயம் அவருக்கு ஒரு நொடியும் இருந்திருக்காது. முறியும் பாகம் ஓசையிட்டுச் சொல்லிவிடுகிறது. நழுவும் பாகம் ஓட்டுபவரையும் தன்னோடு சேர்த்து நழுவ வைத்து, இதுதான் எப்போதும் இருந்த உயரம் என்று நம்பவும் வைத்துவிடுகிறது.

பின்னர் செய்தவை

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் மருத்துவர் மூட்டைச் சோதித்துவிட்டு, தசைநார்களில் கிழிசல் இல்லை, சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடைப்பட்ட பகுதியில் அழுத்தத்தால் வந்த வலி என்றார். மூன்று வாரம் சைக்கிள் தொடவில்லை. தொடை, இடுப்புத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள் அதன் பிறகு தொடங்கின.

அந்த மூன்று வாரத்தில் போஸ்ட்டைக் கழற்றி இரண்டு கட்டமாகச் சோதித்தேன். முதலில் கிரீஸை அப்படியே விட்டு, டார்க் ரென்ச்சால் சரியாக 5 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதே 3.4 கிலோ பையை மாட்டி, நண்பர் ஒருவரை 20 கி.மீ. மேடுபள்ளச் சாலையில் ஓட்டி வரச் சொன்னேன். 2 மி.மீ. இறங்கியது. சரியாக இறுக்கியிருந்தாலும் கிரீஸ் காப்பாற்றியிருக்காது என்று இதிலிருந்து தெரிந்தது. பிறகு போஸ்ட்டையும் குழாயின் உள்பக்கத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால், துணி வெள்ளையாகவே வெளியே வரும் வரை துடைத்தேன். ஏழெட்டுத் துணி ஆயிற்று. நறநறப் பசையைத் தடவி, அதே விசையில் இறுக்கி, அதே பை, அதே சாலை, அதே நண்பர். இருக்கை இறங்கவில்லை.

டேப்போடு இப்போது வெள்ளை மை பேனாவால் ஒரு கோடும் போட்டிருக்கிறேன். இரவில் தலைவிளக்கு பட்டால் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு கட்டுப்பாட்டு இடத்திலும், அட்டையை நீட்டுவதற்கு முன், கட்டைவிரல் நகத்தால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. புது பாகம் எதையும் பயணத்துக்கு முன் முழுச்சுமையோடு 100 கி.மீ.யாவது ஓட்டாமல் ஏற்பதில்லை. கனமான பொருள்களில் பாதியைச் சட்டகத்தின் நடுவில் மாட்டும் பைக்கு மாற்றினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு 300 கி.மீ. பிரவேயில் கலந்துகொண்டேன். 260 ஆவது கிலோமீட்டரில் வலது முழங்கால் ஒரு முறை முனகியது. உடனே இறங்கி, விளக்கை அடித்துக் கோட்டைப் பார்த்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது. பையை அசைத்துப் பார்த்தேன், கிளீட்டைத் தட்டிப் பார்த்தேன், பெடலைச் சுழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரி. பிறகுதான் கவனித்தேன், கடந்த அரை மணி நேரமாக எதிர்க்காற்றில் ஒரு கனமான கியரையே பிடிவாதமாக மிதித்துக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டு கியர் இறக்கினேன். பத்து கிலோமீட்டரில் முனகல் நின்றது.